எல்லோருக்கும் அதே சிவப்பு மாத்திரை

எங்கள் கடையில் பாராசிட்டமாலுக்கு அடுத்தபடி அதிகம் போவது நரம்பு மாத்திரை. அந்தப் பெயரில் எந்தக் கம்பெனியும் மாத்திரை போடுவதில்லை. பி1, பி6, பி12 சேர்ந்த வைட்டமின் மாத்திரைக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. சிவப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வேறு கம்பெனியின் மஞ்சள் மாத்திரையைக் கொடுத்தால் "இது இல்லக்கா, அந்தச் செவப்பு" என்று கவுன்ட்டரிலேயே வைத்துவிடுவார்கள். கால் எரிந்தாலும் அது, கை நடுங்கினாலும் அது, தூக்கம் வராவிட்டாலும் அது, பிளஸ் டூ படிக்கிற பையனுக்குப் படித்தது மண்டையில் நிற்காவிட்டாலும் அது.

நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் படித்துவிட்டு, மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற சாலையில் மாமனார் வைத்த மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்கிறவள். ஆனால் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பதில் ஒரு வசதி இருக்கிறது. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டதையும், சொல்ல மறந்ததையும், பாக்கிச் சில்லறைக்காகக் காத்து நிற்கிற நேரத்தில் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக அல்ல, அவர்கள் பிள்ளைகளுக்காக. திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, "அக்கா, அம்மா வருவாங்க, நரம்பு மாத்திரை ரெண்டு அட்டை குடுத்துடுங்க, காசு போன்ல போட்டுடறேன்" என்கிறீர்களே, உங்களுக்காகத்தான்.

முதலில் கால். எங்கள் ஊர்ப் பெரியப்பா ஒருவர் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு கடைக்கு வந்து நின்றார். இன்னொன்று வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்க்கிறார். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், தார்ச்சாலை. "சுடலையா பெரியப்பா?" என்றேன். "தெரியலையே ஆயி" என்றார். பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. அதற்கு முன் அவர் ராத்திரியில் கால் காந்துகிறது, போர்வை பட்டாலே எரிகிறது என்று சிவப்பு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர். பிறகு ஒரு கட்டத்தில் வந்து, "எரிச்சல் போயிடுச்சு, மாத்திரை நல்லாக் கேட்டுச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். மாத்திரை கேட்கவில்லை. எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பு நுனிகள் செத்துவிட்டன. எரிச்சல் தானாக நின்றுபோவது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று காலைத் தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. இது பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. "அப்பாவுக்கு இப்பல்லாம் கால் வலியே இல்லை" என்று போனில் சொல்கிறார்கள்.

ஏன் காலில் ஆரம்பிக்கிறது? பாதத்தில் தொட்டால் தெரிகிற உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு செல்லின் உடல் இருப்பது இடுப்புப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி. அங்கிருந்து கட்டைவிரல் நுனி வரை ஒரே இழை, ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பங்கு மேலே அந்த செல்லில் தயாராகி, இழைக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வர வேண்டும். சில சரக்கு நாளுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வேகத்தில் வரும். சில சரக்கு நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். இரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்தப் போக்குவரத்தும் கெடும், நரம்புக்கே ரத்தம் தருகிற மெல்லிய குழாய்களும் கெடும். கடைமடைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மேட்டூரை ஜூன் 12ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது எட்டும் என்று வருஷாவருஷம் கரையில் நின்று பார்க்கிறவர்கள் நாங்கள். மேலே கொஞ்சம் குறைந்தால் முதலில் காய்வது வால் பகுதி. அதனால்தான் இரண்டு காலிலும் விரலில் தொடங்கி மேலே ஏறும். முழங்கால் பக்கம் வருகிறபோது கைவிரல் நுனியும் மதமதக்க ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழை ஒன்று, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை. சர்க்கரைக்குப் போகிற இடத்தில் வருஷத்துக்கு ஒருதடவை இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லாத சர்க்கரை வைத்தியம் அரை வைத்தியம் என்பது என் கட்சி.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் எங்கள் பக்கத்துச் சாலைகளிலும் போவார்கள். 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி உடுத்தி, வெறுங்காலோடு, குழந்தை குட்டியோடு. பஞ்சு, பேண்டேஜ் துணி, களிம்பு எல்லாம் அந்த நாட்களில் வந்த வேகத்தில் தீரும். வலிக்கிறது என்று உட்காருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உட்கார்ந்து, கட்டுப்போட்டு, எழுந்து போய்விடுவார்கள். பாதத்தில் ஐந்து ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து சதை தெரிய, "அப்படியா, நான் பாக்கலையே" என்று சிரிக்கிறவர்களைக் கண்டால்தான் பயம். அவர்களிடம் நேர்த்திக்கடனைப் பற்றி நான் பேசுவதில்லை. "சாக்ஸ் போட்டுக்கிட்டு நடங்க, மாதா கோவிச்சுக்க மாட்டா" என்பேன். சிலர் கேட்பார்கள்.

வலி தெரியாத காலுக்கு என்ன ஆகும் என்பதைத் தொழுநோயாளிகளிடம் பார்த்துப் புரிந்துகொண்டவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914ல் பிறந்து, 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர். அதுவரை தொழுநோயில் விரல்கள் அழுகித் தானாக விழுகின்றன என்றுதான் உலகம் நினைத்தது. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது, பிறகு சூடான பாத்திரமும் ஆணியும் இறுகிய செருப்பும்தான் விரலைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். சர்க்கரைக் காலுக்கும் கணக்கு அதேதான்.

இங்கே ஒரு சிக்கல். சர்க்கரைக்குத் தருகிற மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால், குடல் பி12 வைட்டமினை உறிஞ்சுவது குறையும். பி12 குறைந்தாலும் கால் மதமதக்கும். அக்கிரகாரத்து மாமி ஒருவர், மீன் முட்டை எதுவும் தொடாதவர், பாலும் காபிக்கு மட்டும். "குளிக்கும்போது தலையில தண்ணி ஊத்தி கண்ண மூடினா சாய்ஞ்சுடறேன்டி" என்றார். கண் திறந்திருந்தால் நன்றாக நடக்கிறார். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி முதுகுத்தண்டு வழியாக மேலே போகாமல் நின்றுவிட்டால், கண்தான் அந்த வேலையைப் பார்க்கும். கண்ணை மூடினால் ஆள் தள்ளாடும். மகள் பெங்களூரிலிருந்து வந்து பரிசோதனை செய்து பார்த்ததில் பி12 அதலபாதாளம். ஊசி போட்டபிறகு தேறினார். இப்படிப்பட்டவர்களுக்குச் சிவப்பு மாத்திரை பொருந்தாத மருந்து இல்லை, போதாத மருந்து. இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. அது நல்ல மருந்து. பி12 அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், போதும்.

காசநோய்க்குத் தருகிற ஐசோநயாசிட் 1952லிருந்து உபயோகத்தில் இருக்கிறது. அது உடம்பில் பி6 செய்யும் வேலையைத் தடுக்கும், காலும் கையும் எரியும். அதனால்தான் கூடவே பி6 மாத்திரை தருகிறார்கள். பி6 அதிகமானால்? அதற்கும் பதில் இருக்கிறது. 1983ல் அமெரிக்காவில் ஏழு பேரைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள். நாளுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்டவர்கள். நடக்க முடியாமல் தடுமாறினார்கள், கை கால் மரத்துப்போனது. நம் அட்டையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு, அவ்வளவு பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று டாக்டர் சீட்டில் மூன்று பெயரில் அதே பி6 எழுதியிருக்க, மூன்றையும் வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பி1 கதைக்கு நம் அரிசியும் நம் தாத்தாக்களும் சம்பந்தப்பட்டவர்கள். என் அம்மாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா போனவர். ரப்பர் தோட்டம். அவருக்கு முந்தைய தலைமுறையில் அங்கே ஒரு நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்து, வீங்கி, நடக்க முடியாமல், கடைசியில் இருதயம் நின்று சாவார்கள். பெரிபெரி. ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பக்கத்திலேயே வேலை பார்த்த தமிழர்களுக்கு வரவில்லை. பிராடன் என்கிற ஆங்கில டாக்டர் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்பது பச்சரிசி, தமிழர்கள் தின்பது புழுங்கலரிசி. 1905ல் ஃபிளெட்சர் என்ற இன்னொரு டாக்டர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசிச் சோறு, மற்றதற்குப் புழுங்கல் சோறு போட்டுப் பார்த்தார். பச்சரிசிக்காரர்கள் பெரிபெரியில் விழுந்தார்கள், செத்தார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. புழுங்கலரிசி மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுதான் பிராடன் முதலில் சொன்னார். உண்மையில் பச்சரிசியில் இல்லாமல் போனது ஒன்று. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 உள்ளே அரிசிக்கு இறங்கிவிடும். பிறகு மெஷினில் தீட்டினாலும் ஓரளவு தங்கும். பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். அந்தப் பொருள் என்ன என்று கண்டு அதைச் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். நம் பக்கத்து நெல்லூரில் பிறந்தவர். தயாரித்த வருஷம் 1936.

நரம்பு சர்க்கரையைச் சக்தியாக மாற்ற பி1 வேண்டும். உடம்பில் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். இன்றைக்கு நம் ஊரில் அது தீர்ந்துபோவது அரிசியால் இல்லை, டாஸ்மாக்கால். சாப்பாட்டைக் குறைத்துவிட்டுக் குடிக்கிறவருக்கு பி1 உள்ளே போவதும் குறைவு, குடல் உறிஞ்சுவதும் குறைவு. திடீரென்று நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும். வீட்டில் "இன்னும் போதை தெளியல" என்று படுக்க வைத்துவிடுவார்கள். அது போதை இல்லாமலும் இருக்கலாம், மூளைக்கு பி1 தீர்ந்துபோனதாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் பி1 ஊசி போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். "சீக்கிரம் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று யாரும் அவசரப்படுத்தாதீர்கள்.

கார்த்திகை முதல் தேதி இன்னொரு விஷயம். நாள் தவறாமல் குடிக்கிறவர் ஐயப்பனுக்கு மாலை போட்டு, அன்றைக்கே ஒரேயடியாக நிறுத்துவார். நல்ல காரியம்தானே என்று ஊரே பாராட்டும். இரண்டாம் நாள் கை வெடவெடவென்று ஆடும், வேர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாலாம் நாளில் இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பார், ராத்திரி எழுந்து ஓடுவார். "சாமி வந்துருக்கு", "மாலை போட்டதுல குத்தம்" என்று குருசாமியைத் தேடிப் போவார்கள். மது மூளையை அடக்குகிற சமிக்ஞையை வருஷக்கணக்கில் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்ததால், மூளை தன் பங்குக்கு அந்த அடக்கத்தைக் குறைத்து, கிளர்ச்சியைக் கூட்டி வைத்துப் பழகிவிட்டது. மது திடீரென்று இல்லாமல் போனால் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். இதில் உயிரே போகும். நிறுத்த வேண்டியதுதான், டாக்டர் பார்வையில் நிறுத்த வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் இப்போதெல்லாம் ஐப்பசியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் மாலை போடுகிறார். மனைவியின் ஏற்பாடு.

சம்பாவுக்கு மருந்தடிக்கிற காலம் வந்தால் வேறொரு விதமான ஆட்கள். முதுகில் டேங்க், வாயில் துண்டு கூட இருக்காது, சட்டை நனைந்து ஒட்டியிருக்கும். "தலை சுத்துதுக்கா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, வாந்தி மாத்திரையும் நரம்பு மாத்திரையும் குடுங்க" என்பார்கள். நான் முதலில் பார்ப்பது கண்ணை. கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால், எச்சில் ஊறி வழிந்தால், தொடைச் சதை தானாகத் துடித்தால் மாத்திரைப் பேச்சே கிடையாது. சட்டையைக் கழற்றச் சொல்லி, கடைக்குப் பின்னால் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, 108க்கு போன்.

பூச்சிமருந்து ஏன் இப்படிச் செய்கிறது என்று புரிய ஒரு பழைய கதை வேண்டும். 1921ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி என்பவர் ஒரு கனவு கண்டார். எழுந்து போய் இரண்டு தவளை இருதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அது ஊறிய திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு தன் நுனியில் ஒரு ரசாயனத்தை விட்டுத்தான் செய்தி சொல்கிறது என்று அதில் தெரிந்தது. அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்ததும் அதை உடனே உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியைப் பிடித்து முடக்குகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்: எச்சில் சுரப்பிக்கு, நுரையீரலுக்கு, குடலுக்கு, சதைக்கு. பூச்சி செத்துப்போவதும் அப்படித்தான், மனிதனும் அப்படித்தான். ஜெர்மனியில் ஷ்ராடர் என்பவர் பூச்சிமருந்து தேடப் போய் டாபுன் என்ற விஷவாயுவைக் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான், அதுவும் 1936ல். லோவிக்கு நோபல் பரிசு கிடைத்ததும் 1936. விசித்திரமான வருஷம், இன்னொருமுறையும் வரும்.

ஆஸ்பத்திரியில் அட்ரோபின் போடுவார்கள், ஆள் தெளிவார். தெளிந்ததும் வீட்டுக்காரர்கள் "நடவு கெடக்கு, மாடு கெடக்கு" என்று கூட்டிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள். கூடாது. இலங்கை டாக்டர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987ல் எழுதியது இதைப்பற்றித்தான்: ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள், முதல் கட்டம் தாண்டிய நோயாளி திடீரென்று தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்க முடியாமல் போவார், பிறகு மூச்சுத் தசை சோர்ந்துவிடும். டாக்டர் அனுப்பும்வரை கட்டிலிலேயே கிடக்கட்டும்.

அதே இடத்தில், அதே அசிட்டைல்கோலினில் கைவைப்பவை பாம்புகள். நல்ல பாம்பின் விஷம், சதையில் அந்த ரசாயனம் வந்து உட்காருகிற இடத்தை அடைத்துக்கொள்ளும். கட்டுவிரியன் விஷம் அதோடு நிற்காது, நரம்பு நுனியையே கெடுத்து ரசாயனம் வெளியே வராமல் செய்துவிடும். அதனால்தான் நல்ல பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்தோடு போடுகிற நியோஸ்டிக்மின் ஊசி கட்டுவிரியனில் அவ்வளவாக எடுபடுவதில்லை. கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, பல் பதிந்த அடையாளமும் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை இரண்டும் சரிந்து தொங்கினால், வயிற்று மாத்திரை கேட்டு என் கடைக்கு வராதீர்கள். ஓடுங்கள். கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது கொசுவுக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், ஊசியிலும் ஸ்கேனிலும் தெரியாதது. 2018 நவம்பர் 15 இரவு, 16 விடியல். கஜா. எங்கள் ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போனது, அதைச் சரிபண்ணிவிட்டோம். தென்னையை வைத்துப் பிழைத்தவர்களுக்குச் சரிபண்ண எதுவும் இல்லை. அதற்குப் பிந்தைய மாதங்களில் நரம்பு மாத்திரை கேட்டு வந்தவர்கள் சொன்னது வேறு மாதிரி இருந்தது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, கைவிரலில் எறும்பு ஊர்கிறது, உதட்டைச் சுற்றி மரமரக்கிறது, விரல்கள் ஒன்றோடொன்று இழுத்துக்கொள்கின்றன. சர்க்கரை இல்லை, பி12 நன்றாக இருக்கிறது. "மனசுதான், ஒண்ணுமில்ல" என்று சிலர் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அந்த "ஒண்ணுமில்ல" பிடிக்காது. பயத்தில் ஆள் தன்னையறியாமல் வேகமாக மூச்சு விடுகிறார். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. குறைந்ததும் ரத்தத்தில் தனித்து நிற்கிற கால்சியம் அளவு இறங்குகிறது, நரம்பு காரணமில்லாமல் துடிக்கத் தொடங்குகிறது. எறும்பு ஊர்வது நிஜம். தொடக்கம் பயத்தில், ஆனால் துடிப்பது நிஜ நரம்பு. உட்கார வைத்து, மெதுவாக மூச்சை விடச் சொன்னால் பத்து நிமிஷத்தில் அடங்கும். இதே கால்சியம் உண்மையிலேயே குறைந்தாலும் அப்படி ஆகும் என்பதால் ஒருதடவை ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

ஹான்ஸ் செலி என்பவர் எலிகளைக் குளிரில் விட்டு, ஓடவைத்து, விதவிதமாகத் துன்புறுத்தி, துன்பம் எதுவானாலும் உடம்பு பதில் சொல்கிற விதம் ஒன்றுதான் என்று எழுதினார். அட்ரினல் சுரப்பி பெருக்கிறது, இரைப்பையில் புண் வருகிறது. அதுவும் 1936தான். அந்தச் சுரப்பி விடுகிற அட்ரினலினும் கார்ட்டிசோலும் ஏறினால் ரத்தச் சர்க்கரையும் ஏறும். கஜாவுக்குப் பிறகு அதே மாத்திரை, அதே கஞ்சி, ஆனால் சர்க்கரை மட்டும் அடங்கவில்லை என்று வந்தவர்களை நான் பார்த்தேன். கவலை நேராகவும் நரம்பைத் தொடும், சர்க்கரை வழியாகச் சுற்றியும் தொடும்.

முத்துப்பேட்டை பக்கத்து அத்தாச்சி ஒருவர், எங்களுக்குத் தூரத்து உறவு. புயலில் தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. தூக்கம் வரவில்லை என்று போனவருக்கு டாக்டர் அல்பிரசோலம் கொஞ்ச நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கடையில் வருஷக்கணக்கில் வாங்கியிருக்கிறார். 2014 மார்ச் முதல் இந்த மாத்திரை எச்1 பட்டியலில் இருக்கிறது: சீட்டு வேண்டும், பெயர் விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டில் என்ன எழுதினார்களோ. அரை மாத்திரை ஒன்றாகி, ஒன்று இரண்டானது. திருப்பூரிலிருந்து வந்த மகன் பார்த்துவிட்டு, "இது போதை மாத்திரைம்மா" என்று மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போய்விட்டான். நல்ல எண்ணம்தான். அடுத்த சில நாளில் அத்தாச்சிக்கு உடம்பெல்லாம் நடுங்கி, சத்தம் கேட்டாலே துள்ளி, ஒருநாள் வலிப்பே வந்தது. மதுவை நிறுத்தியவருக்கு ஆனதேதான். அந்த மாத்திரையும் மூளையில் மது கைவைக்கிற இடத்தில்தான் கைவைக்கிறது.

நானும் அவர் மருமகளும் திருவாரூர் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்று பஸ்ஸில் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அங்கே இருந்த அம்மா திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. வேறு மாத்திரைக்கு மாற்றி, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார். புதுச் சீட்டோடு மாத்திரை வாங்க இப்போது என் கடைக்குத்தான் வருகிறார். கடைசியாக வந்தபோது கால்வாசி மாத்திரைக்கு இறங்கியிருந்தது. உடைத்தால் பொடியாகிறது என்று குறைப்பட்டார். மாத்திரை வெட்டுகிற சின்னக் கத்திப்பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். விலை கேட்டார், சொன்னேன், "இதுக்கா இவ்ளோ?" என்று பேரம் பேசினார். பேரம் பேச ஆரம்பித்துவிட்டார் என்று அவர் மருமகளுக்கு அன்று ராத்திரியே போன் போட்டுச் சொன்னேன்.